கார் ஏ.சி.யில் வினோத சத்தமா? ‘கம்ப்ரஸர் போச்சு’ என்று நம்பும் முன் இதைக் கேளுங்க!

ஏ.சி. பட்டனை அழுத்தியதும் டேஷ்போர்டுக்குள் யாரோ சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவதுபோல ‘படபட’வென்று ஒரு சத்தம். கடந்த மே மாதம் என் காரில் இப்படித்தான் ஆரம்பித்தது. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். நம்மில் பலர் முதலில் செய்யும் ‘ரிப்பேர்’ இதுதான். அது எடுபடாமல் போகவே, ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போன தம்பி பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். “கம்ப்ரஸர் போயிடுச்சு சார். செட்டோட மாத்திடலாம். 32 ஆயிரம் வரும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, நண்பர் ஒருவர் சொன்ன ஏ.சி. மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். சின்னக் கடை. அவர் பானட்டைத் திறக்கக்கூட இல்லை. “இஞ்சினை ஆஃப் பண்ணுங்க சார். சாவியை மட்டும் ஆன் பொசிஷன்ல வைங்க. ஃபேனை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கூட்டுங்க” என்றார். இஞ்சின் ஓடாத காரில் அதே ‘படபட’ வந்தது. “இஞ்சின் ஓடாம கம்ப்ரஸர் எப்படி சார் சத்தம் போடும்?” என்று கேட்டுவிட்டு, க்ளவ் பாக்ஸைக் கழற்றினார். ப்ளோயருக்குள் ஒரு பிடி வேப்பிலைக் காம்பும், எலி கொண்டுவந்து வைத்த டிஷ்யூ பேப்பர் துண்டுகளும் இருந்தன. புது ஃபில்டரும் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இதைப் படித்துவிட்டு ‘ஓ, எல்லாமே வேப்பிலைதான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் காரில் ஏ.சி.யோடு சேர்ந்து ‘ங்ஙொய்ய்’ என்று ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. குளிர் நன்றாக இருந்ததால் அவர் கண்டுகொள்ளவில்லை. குடும்பத்தோடு திருச்சிக்குப் போகும்போது, விக்கிரவாண்டி தாண்டி பெல்ட் அறுந்தது. பேட்டரி விளக்கு எரிந்தது, இஞ்சின் சூடு ஏறியது, ராத்திரி 11 மணிக்கு ஹைவே ஓரத்தில் குழந்தையோடு டோ வண்டிக்குக் காத்திருந்தார்கள். சில நூறு, அல்லது சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பேரிங் வேலை அது.

ஆக, பயந்து 32 ஆயிரம் கொடுப்பதும் தப்பு, பாட்டு போட்டு மறைப்பதும் தப்பு. சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும், பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி. அதற்கு ஸ்பேனர் வேண்டாம். ஐந்து நிமிடமும், ஒரு போனும் போதும்.

ஏ.சி.யில் சத்தம் போடக்கூடியவை எவை?

கார் ஏ.சி. இரண்டு இடங்களில் இருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால், காற்றைத் தள்ளும் ப்ளோயர், குளிரைத் தரும் கூலிங் காயில், காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பிவிடும் சின்னச் சின்னக் கதவுகள். பானட்டுக்குக் கீழே, கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், அதைச் சுற்றவைக்கும் பெல்ட், முன்னால் ரேடியேட்டரை ஒட்டி நிற்கும் கண்டென்ஸர், அதன் சூட்டை வெளியேற்றும் ஃபேன். உள்ளே இருப்பவை பேட்டரி கரண்டில் ஓடுகின்றன. கம்ப்ரஸரோ பெட்ரோல், டீசல் கார்களில் இஞ்சின் சுற்றினால் மட்டுமே சுற்றும். அந்த மெக்கானிக் பயன்படுத்தியது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.

குழப்பம் ஏன் வருகிறது என்றால், ஆட்டோ க்ளைமேட் உள்ள கார்களில் ஒரே பட்டனை அழுத்தினால் ப்ளோயரும் கம்ப்ரஸரும் சேர்ந்தே வேலையைத் தொடங்குகின்றன. ‘ஏ.சி. போட்டா சத்தம் வருது’ என்று நாம் போய்ச் சொல்கிறோம். கேட்பவர் காதில் விழுவது ‘கம்ப்ரஸர்’ என்ற ஒரே சொல்தான்.

ஐந்து நிமிடச் சோதனை

சத்தமில்லாத இடத்தில், சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பார்க்’. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பாட்டை நிறுத்துங்கள்.

முதலில் இஞ்சின் இல்லாமல் ஃபேனை மட்டும் குறைந்த வேகத்திலிருந்து அதிக வேகம் வரை ஓட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால், அதுவும் ஃபேன் வேகத்தோடு சேர்ந்து கூடினால், பிரச்சினை டேஷ்போர்டுக்குள். பானட்டைத் திறக்கவே தேவையில்லை.

அமைதியாக இருந்தால், இஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஏ.சி.யும் ஃபேனும் ஆஃப். இப்போதே கரகரப்பு கேட்கிறதா? பிறகு ஃபேனை ஒன்றில் வைத்து ஏ.சி.யை ஆன் செய்யுங்கள். அந்த நொடியில் புதிதாக ஏதாவது சேர்கிறதா? கடைசியாக ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து 2,000 ஆர்.பி.எம். வரை கொண்டுபோங்கள். இஞ்சின் வேகத்தோடு சத்தமும் ஏறி இறங்கினால், அது பெல்ட்டில் மாட்டியிருக்கும் ஏதோ ஒன்றின் குரல்.

பானட்டைத் திறந்து கேட்பதாக இருந்தால் துப்பட்டா, ஐ.டி. கார்டு கயிறு, இயர்போன் வயர், விரித்த முடி எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். கையை உள்ளே விடாதீர்கள், போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வீடியோ எடுத்தால் போதும். இந்த வீடியோ ரொம்ப முக்கியம். ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் சத்தம் மாயமாக மறைந்துவிடும் என்பது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விதி.

உள்ளிருந்து வரும் சத்தங்கள்

‘படபட’, ‘சரசர’ என்றால் பெரும்பாலும் ஏதோ மாட்டியிருக்கிறது. முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. வேப்பமரம், புங்கமரம், தூங்குமூஞ்சி மரம் என நிழலுக்காக நாம் தேடிப்பிடித்து நிறுத்தும் மரங்கள் எல்லாம் இலை உதிர்ப்பவை. இலை வந்து விழும் இடமும் அதே தட்டுதான். வாரம் ஒருமுறை அங்கே இருக்கும் குப்பையைக் கையால் அள்ளிப் போடுங்கள். காரை நிறுத்தியிருக்கும்போது காற்றை உள்ளேயே சுற்றவிடும் ரீசர்க்குலேஷன் பொசிஷனில் விட்டுவந்தால், பல கார்களில் அந்த வழி மூடிக்கொள்ளும். எலிக்கும் அது ஒரு சின்னத் தடை.

கேபின் ஃபில்டரை நீங்களே பார்க்கலாம். நிறைய கார்களில் க்ளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே இறங்கும். பின்னால் ஒரு நீளமான மூடி. அதற்குள் ஃபில்டர். எடுக்கும்போது அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டுவிட்டு ‘காத்தே வரல’ என்று திரும்பி வருபவர்கள் உண்டு. ஃபில்டர் அடைத்துப் போனால் ப்ளோயர் மூச்சுத் திணறுவதுபோல இரையும், காற்று மட்டும் மெதுவாக வரும். சில பழைய, அடிப்படை மாடல்களில் ஃபில்டரே இருக்காது. அவற்றில் தூசி நேரே கூலிங் காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இலை எதுவும் இல்லை, ஆனால் ‘கிரீச் கிரீச்’ என்று காலையில் மட்டும் கேட்கிறது என்றால், ப்ளோயர் மோட்டாரின் புஷ் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டால் சில நாள் அடங்கும், பிறகு மீண்டும் வரும். மோட்டாரை மாற்றுவதே தீர்வு.

‘டிக் டிக் டிக் டிக்’ என்று சுவர்க் கடிகாரம் மாதிரி பத்துப் பதினைந்து தடவை அடித்துவிட்டு நின்றுவிடுகிறதா? வெப்பநிலையை மாற்றும்போதோ, காற்றின் திசையை மாற்றும்போதோ மட்டும் வருகிறதா? உள்ளே இருக்கும் கதவுகளைத் திருப்பும் குட்டி மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது. வெப்பநிலை, திசை, ரீசர்க்குலேஷன் மூன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தால் எந்த மோட்டார் என்று தெரிந்துவிடும். ஆபத்தில்லை. ஆனால், கதவு பாதியில் நின்றால் ஒரு பக்கம் குளிரும் இன்னொரு பக்கம் அனலுமாக வரும். கையால் திருகும் பழைய வகை ஏ.சி.யில் மோட்டாருக்குப் பதில் கேபிள்தான் பெரும்பாலும், அதனால் இந்தச் சத்தத்துக்கு அங்கே வேலையில்லை.

வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் ‘சளப் சளப்’ என்று தண்ணீர் அலம்பினால், கூலிங் காயிலில் படியும் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. ஏ.சி. ஓடும் காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது நல்லது. சொட்டாமல், இடது பக்க முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக இருந்தால் உடனே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நாற்றம், பூஞ்சை, வயரிங் கோளாறு என்று அது வளரும். இதே மாதிரி ‘களக் களக்’ சத்தம் இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும், ஏ.சி. போடாமலே கேட்டால் விஷயம் வேறு. ஹீட்டருக்குப் போகும் கூலன்ட்டில் காற்று புகுந்திருக்கலாம். இஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

பானட்டுக்குக் கீழிருந்து வருபவை

ஏ.சி. போட்டதும் ஒரே ஒரு ‘டக்’. பயப்படாதீர்கள், அது மேக்னட் கிளட்ச். காந்தம் இழுத்து, சுற்றிக்கொண்டிருக்கும் புல்லியோடு கம்ப்ரஸரைக் கோக்கும் ஓசை. கார் குளிர்ந்த பிறகு அவ்வப்போது விட்டுப் பிடிக்கும். கிளட்ச் இல்லாத வகைக் கம்ப்ரஸர் உள்ள கார்களில் இந்த ‘டக்’ வரவே வராது.

சில வினாடிகளுக்கு ஒருமுறை ‘டக்... டக்... டக்’ என்று விட்டு விட்டுப் பிடித்தால், அதோடு குளிரும் குறைவாக இருந்தால், கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அழுத்தம் குறையும்போது சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்துகிறது, மறுபடி அழுத்தம் வந்ததும் ஓடவிடுகிறது. கண்டென்ஸர் ஃபேன் சுற்றாமல் அழுத்தம் எகிறினாலும் இப்படி நடக்கலாம்.

ஏ.சி. போட்ட நொடியில் ‘கீ...ச்’ என்று கத்தி, பிறகு அடங்கினால் பெல்ட் வழுக்குகிறது. மழைக்காலக் காலையில் ஓரிரு வினாடி கேட்டால் விட்டுவிடலாம். தினமும் என்றால் பெல்ட்டோ அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்துவிட்டது. அனுபவசாலி மெக்கானிக் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். சத்தம் சட்டென்று நின்று மறுபடி வந்தால் புல்லிகளின் வரிசை பிசகியிருக்கலாம். கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பெல்ட்டில் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும் யோசனையை யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி, காசைப் பிடுங்கும் சத்தத்துக்கு வருவோம். ‘கரகர’, ‘ங்ஙொய்ய்’.

இங்கேதான் ஏ.சி. ஆஃப், ஏ.சி. ஆன் சோதனை பணத்தை மிச்சப்படுத்தும். ஏ.சி. ஆஃபில் இருந்தாலும் கம்ப்ரஸரின் முன்னால் உள்ள புல்லி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது ஒரு பேரிங் மீது சுற்றுகிறது. எனவே, ஏ.சி. போடாமலே கரகரத்தால் சந்தேகம் புல்லி பேரிங் மீது. பக்கத்தில் இருக்கும் ஐட்லர் புல்லி, டென்ஷனர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றுக்கும் பேரிங் உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஒவ்வொன்றின் மீதும் ஊன்றிக் காதை வைத்துக் கேட்கும் பழைய மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீர்கள். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான். அதை நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம். புல்லி பேரிங்கைப் பல கார்களில் கேஸை வெளியே விடாமலேயே மாற்றலாம்.

ஏ.சி. ஆஃபில் அமைதி, ஆன் செய்ததும் ‘கடகட’ என்றால், கம்ப்ரஸருக்கு உள்ளே தேய்மானம் இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். கம்ப்ரஸரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தாலும், குழாய் பாடியில் இடித்தாலும் இதே மாதிரி அதிரும். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அது கூடிப்போனால் பிடிக்காமல் உரசும். இந்த மூன்றையும் பார்த்த பிறகே கம்ப்ரஸர் மீது பழியைப் போட வேண்டும். ‘போல்ட்டைப் பார்த்தீங்களா, கிளட்ச் கேப் பார்த்தீங்களா?’ என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும்.

உள்ளேதான் பிரச்சினை என்று உறுதியானால், ஏ.சி.யை அணைத்துவிட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். ‘இன்னும் ஒரு மாசம் ஓட்டிக்கலாம்’ என்று ஓட்டினால், தேய்ந்த உலோகத் துகள்கள் கேஸோடு சேர்ந்து கண்டென்ஸர், எக்ஸ்பான்ஷன் வால்வு என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். அதற்குப் பிறகு புதுக் கம்ப்ரஸர் மட்டும் போட்டால், பழைய துகளே புதியதையும் தின்றுவிடும். லைனைச் சுத்தம் செய்து, ட்ரையரையும் வால்வையும் மாற்ற வேண்டும். இன்றைய கண்டென்ஸர்களின் மெல்லிய குழாய்களைச் சுத்தம் செய்வது கஷ்டம் என்பதால் பெரும்பாலும் அதையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். பில் இரட்டிப்பாகும் இடம் இதுதான்.

விக்கிரவாண்டியில் நடந்ததும் புரிந்திருக்கும். நிறைய கார்களில் ஒரே நீளமான பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், கம்ப்ரஸர், சில இஞ்சின்களில் வாட்டர் பம்ப் என எல்லாவற்றையும் ஓட்டுகிறது. ஒரு பேரிங் இறுகிப் பெல்ட் அறுந்தால், நிற்பது ஏ.சி. மட்டும் அல்ல. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள பழைய கார்களில் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

‘கேஸ் போட்டா சரியாயிடும்’

ஏ.சி. கடைகளில் அதிகம் கேட்கும் வசனம் இது. சத்தத்துக்கும் கேஸுக்கும் தொடர்பு உண்டு. இஞ்சினை நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் ‘உஸ்ஸ்’ என்று கேட்பது இயல்பு, இரண்டு பக்க அழுத்தமும் சமமாகும் ஓசை அது. ஓடும்போதே டேஷ்போர்டிலிருந்து விடாமல் ‘உஸ்’ வந்து, குளிரும் குறைந்தால் கேஸ் குறைவு அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வில் கோளாறு.

ஆனால், கேஸ் என்பது பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. பல வருடங்களில் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசியும், அது வேறு. போன வருடம் போட்ட கேஸ் இந்த வருடம் இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இன்னொன்று, கம்ப்ரஸருக்குத் தேவையான எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் போகும். குழாய் இணைப்புகளில் பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். எண்ணெய் குறைந்த கம்ப்ரஸர்தான் பிறகு ‘கடகட’ என்கிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் வருடா வருடம் கேஸ் நிரப்புவது, மெதுவாகக் கம்ப்ரஸரைக் கொல்வதுதான்.

எவ்வளவு கேஸ் என்பது பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராமில் இருக்கும். சின்னக் கார்களுக்கு அரை கிலோ அளவில்தான். அதை எடைபோட்டு நிரப்ப வேண்டும். குழாயைத் தொட்டுப் பார்த்து ‘ஜில்லுனு இருக்கு, போதும்’ என்பது கணக்கில்லை. அளவுக்கு மேல் போனாலும் அழுத்தம் கூடிக் கம்ப்ரஸர் முனகும், குளிரும் குறையும். நிரப்பும் முன் லைனை வேக்குவம் செய்தார்களா என்பதையும் கேளுங்கள். உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயைக் கெடுக்கும்.

வீட்டிலேயே கேஸ் போடும் வீடியோக்களைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். டயரில் 33 பி.எஸ்.ஐ. வைக்கிறோம். ஏ.சி. ஓடும்போது அழுத்தப் பக்கக் குழாயில், நம்ம ஊர் வெயிலுக்கு 200 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும், தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். காற்றில் கலந்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் கேஸ் அது. அதனால், பழைய கேஸைச் ‘சும்மா’ திறந்துவிடாமல் மெஷினில் இழுத்துச் சேமிக்கும் கடையாகப் பாருங்கள்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருந்தால்...

இஞ்சின் இல்லாமல் ஃபேனை ஓட்டும் சோதனையில் இங்கே ஒரு திருத்தம். எலெக்ட்ரிக் கார்களிலும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார்களிலும் கம்ப்ரஸரைத் தனி மோட்டார் ஓட்டுகிறது. பெல்ட் கிடையாது. எனவே, ஏ.சி. பட்டன் ஆஃபில் இருப்பதை உறுதி செய்துகொண்டு ஃபேனை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சார்ஜில் போட்டுவிட்டு இறங்கி நிற்கும்போது முன்பக்கம் ‘உம்ம்’ என்று ரீங்காரம் கேட்கலாம். பேட்டரியைக் குளிர்விக்கப் பல மாடல்களில் அதே ஏ.சி. கம்ப்ரஸர்தான் ஓடுகிறது, குறிப்பாக ஃபாஸ்ட் சார்ஜிங்கில். கோளாறு இல்லை. இஞ்சின் இரைச்சல் இல்லாததால் சின்ன ஓசையும் பெரிதாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

புதிதாக உலோகம் உரசுவதுபோலக் கேட்டால் தெருமுனைக் கடைக்குப் போகாதீர்கள். ஆரஞ்சு நிற வயர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. இந்தக் கம்ப்ரஸர்களுக்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் தேவை. சாதாரணக் கார் எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் கெட்டு, கார் எச்சரிக்கை காட்டி நின்றுவிடலாம்.

கடையில் எப்படிச் சொல்வது?

‘ஏ.சி.ல ஏதோ சத்தம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த இரட்டைக்கிளவிக்கு இப்போதுதான் வேலை. படபட, கரகர, கடகட, சரசர எல்லாம் மெக்கானிக்குக்குச் சட்டென்று புரியும் வார்த்தைகள். ‘இஞ்சின் ஆஃப்ல, ஃபேன் மூணுல வச்சா படபடன்னு இடது பக்கம் வருது’ என்று சொல்லி வீடியோவைக் காட்டுங்கள். ‘நானே கேட்டுப் பார்க்கணும், நீங்க கூட இருங்க’ என்று சொல்பவராக இருந்தால் நல்லது.

கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்று சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மேனிஃபோல்டு கேஜில் இரண்டு பக்க அழுத்தமும் எவ்வளவு காட்டியது என்பதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டியை எடுக்கும் முன், அங்கேயே அந்த ஐந்து நிமிடச் சோதனையை மறுபடி செய்து, இன்னொரு வீடியோ எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு பில்லுக்குப் பணம் கட்டுங்கள்.